ரெயின்கோட் வாங்கும் முன் வழியைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: வீட்டிலிருந்து வேலைக்கு 8 கிலோமீட்டர். சில மாதங்களாக சைக்கிளில் போய் வருகிறீர்கள், பிடித்தும் போய்விட்டது. மழைக்காலம் நெருங்குகிறது. வழியில் இருக்கும் சைக்கிள் பாதை என்பது சாலையோரத்தில் போட்ட ஒரு வெள்ளைக் கோடு மட்டும். பாதி தூரம் அதில் கார்கள் நிற்கின்றன, மீதியில் பள்ளம். நல்ல ரெயின்கோட்டும் டயரும் வாங்கிக்கொண்டு தொடரலாமா, அல்லது மழை முடியும்வரை நிறுத்திவிடலாமா?

தொடரலாம். ஆனால் ரெயின்கோட்டில் ஆரம்பிக்காதீர்கள். பல வருடமாக எல்லா வானிலையிலும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மழை நனைக்கும், ஆளைக் கீழே தள்ளுவது பெரும்பாலும் பாதைதான். வெயில் நாளில் சுமாராக இருக்கும் பாதை மழையில் வேறு பாதையாகிவிடும். தண்ணீர் வடிவதற்காக சாலையை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்திப் போடுகிறார்கள். அந்தத் தாழ்ந்த ஓரத்தில்தான் கோடு போட்டு சைக்கிளுக்கு என்று ஒதுக்குகிறார்கள். நடுவில் விழுந்த தண்ணீர், மண், சரளை, கண்ணாடித் தூள், இலை எல்லாம் உங்கள் தடத்தில் வந்து சேரும். கார்கள் ஓடும் பகுதியை அவற்றின் டயர்களே துடைத்துவிடுகின்றன. ஓரத்தைத் துடைக்க யாரும் வருவதில்லை. அதனால் முதலில் வழி, அப்புறம் சைக்கிள், கடைசியில்தான் உடுப்பு.

மழைக்கென்று தனியாக ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு விடுமுறை நாளில், அவசரமே இல்லாமல், வேலைக்குப் போகும் வழியில் ஒரு முறை போய்ப் பாருங்கள். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்த இடத்தில் தேங்கிய தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருக்கிறது, எந்தத் திருப்பத்தில் மண் அடித்து வந்திருக்கிறது என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். அப்படியே பக்கத்துத் தெருக்களையும் சுற்றிப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் கூடினாலும் வண்டிகள் குறைவாகவும் மெதுவாகவும் போகும் தெரு, மழை நாளில் பிரதான சாலையின் கோட்டுத் தடத்தைவிட நல்லது. சாதாரண வேகத்தில் ஒரு கிலோமீட்டர் என்பது நாலைந்து நிமிடம், அவ்வளவுதான்.

அந்தக் கோட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். கோடு போட்டிருப்பதால் அதற்குள் நமக்குப் பாதுகாப்பு என்று புதிதாக ஓட்டுகிறவர்கள் நம்பிவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் ஆராய்ச்சியாளர்கள் சைக்கிள்களில் தூரம் அளக்கும் கருவி பொருத்தி, கடந்து போகும் வண்டிகள் எவ்வளவு இடம் விடுகின்றன என்று அளந்தார்கள். 2019இல் வெளியான முடிவு பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. கோடும் இல்லாத, கார்களும் நிற்காத சாலையோடு ஒப்பிட்டால், ஓரத்தில் கார்கள் நிற்கும் கோட்டுத் தடத்தில் வண்டிகள் சராசரியாகச் சுமார் 40 செ.மீ. நெருங்கிப் போயின. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். கோடு இருந்தால் 'என் இடம் இது, அவர் இடம் அது' என்று ஓட்டுநர் கோட்டை ஒட்டியே போகிறார். கோடு இல்லாவிட்டால் சைக்கிளைப் பார்த்து விலகுகிறார். பிரிட்டன் அரசு 2020இல் வெளியிட்ட எல்.டி.என். 1/20 என்ற வடிவமைப்பு வழிகாட்டி, நெரிசலான சாலைகளில் சைக்கிளை வண்டிகளிலிருந்து உண்மையாகவே பிரித்து வைக்க வேண்டும் என்கிறது. ஒரு திசைப் பாதைக்கு முடிந்தவரை குறைந்தது 2 மீட்டர் அகலம் வேண்டும் என்றும் அது சொல்கிறது. உங்கள் தடத்தை ஒருநாள் டேப் வைத்து அளந்து பாருங்கள்.

நிற்கும் கார்கள்தான் அடுத்த ஆபத்து. கார்க் கதவு முழுதாகத் திறந்தால் ஒரு மீட்டருக்கு மேல் வெளியே வரும். அந்த இடத்துக்குள்தான் பெரும்பாலான கோட்டுத் தடங்கள் இருக்கின்றன. மழையில் நிலைமை இன்னும் மோசம். காருக்குள் இருப்பவர் நனையக் கூடாதென்று கதவைப் படக்கென்று திறப்பார், கண்ணாடியில் தண்ணீர் வழிவதால் பின்னால் வரும் சைக்கிள் அவருக்குத் தெரியாது. நிற்கும் கார்களிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிப் போங்கள். அது கோட்டுக்கு வெளியே என்றால் வெளியேதான் போக வேண்டும்.

தடத்தை விட்டு வெளியே வர சட்டம் அனுமதிக்கிறதா என்பது நாட்டுக்கு நாடு மாறும். நெதர்லாந்தில் கட்டாய சைக்கிள் பாதை இருந்தால் அதில்தான் போக வேண்டும். ஜெர்மனியில் நீல வட்டப் பலகை வைத்த பாதைகள் மட்டும் கட்டாயம், அவையும் பயன்படுத்தத் தகுந்த நிலையில் இருக்க வேண்டும். பிரிட்டனில் கட்டாயமே இல்லை. அங்கே 2022இல் திருத்திய சாலை விதி நூல், குறுகலான இடங்களிலும் சந்திப்புகளை நெருங்கும்போதும் சைக்கிள்காரர் வண்டிகள் போகும் தடத்தின் நடுவில் போகலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நீங்கள் இருக்கும் இடத்தில் விதி என்ன என்று ஒரு முறை படித்துவிடுங்கள். படித்த பிறகு சாலையில் தயக்கம் குறையும்.

வெளியே வருவதற்கும் ஒரு முறை இருக்கிறது. தடையை நெருங்கியபின் திடீரென்று வளைந்து வெளியே வருவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 30, 40 மீட்டர் முன்பே தலையைத் திருப்பிப் பின்னால் பாருங்கள், கையைக் காட்டுங்கள், மெதுவாக நகர்ந்து வாருங்கள், வந்தபின் நேர்கோட்டில் போங்கள். இரண்டு கார்களுக்கு நடுவே இருக்கும் காலி இடத்துக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வராதீர்கள். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் பின்னால் வருகிறவருக்கு நீங்கள் புதிதாக முளைத்தது போல இருக்கும். பின்னால் திரும்பிப் பார்க்கும்போது சைக்கிள் அலைகிறதென்றால், வண்டியே இல்லாத இடத்தில் அதை மட்டும் பழகுங்கள். உள்ளங்கை அளவு கண்ணாடி ஒன்றை ஹேண்டிலில் மாட்டலாம். ஆனால் மழையில் அதுவும் மங்கிவிடும், கழுத்தைத் திருப்பும் பழக்கத்துக்கு மாற்று கிடையாது.

சாலையின் ஒரே பக்கத்தில் இரு திசைக்கும் பாதை போட்டிருக்கும் இடங்களில் சந்திப்புகளை மிகவும் கவனியுங்கள். பின்லாந்தில் ஹெய்க்கி சும்மாலாவும் அவரது குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சந்திப்பில் திரும்பக் காத்திருக்கும் ஓட்டுநர், கார்கள் வரும் திசையை மட்டும் பார்க்கிறார். மறுபக்கத்திலிருந்து சைக்கிள் வரும் என்று அவர் கண் தேடுவதே இல்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே விஷயமே அல்ல, பழகிய கண் அப்படித்தான் பார்க்கும். நீங்கள் அந்த மறுபக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்றால், ஓட்டுநரின் முகம் உங்கள் பக்கம் திரும்பும்வரை அவர் முன்னால் போகாதீர்கள். மழையில் அவர் முகமே தெரியாது. அப்போது கார் நின்றபின்தான் கடக்க வேண்டும்.

சரி, வழுக்கலுக்கு வருவோம். நனைந்த தார்ச்சாலை பலர் பயப்படும் அளவுக்கு வழுக்குவதில்லை. தண்ணீர்ப் படலத்தின் மேல் டயர் மிதந்து பிடி விட்டுப்போவது கார்களுக்கு உள்ள பிரச்சினை. விமான டயர்களுக்காக நாசா கண்ட கணக்கின்படி, அது நடக்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 50 பி.எஸ்.ஐ. காற்று உள்ள டயர் அந்தக் கணக்கில் மணிக்குச் சுமார் 118 கி.மீ. வேகத்தில்தான் மிதக்கும். சைக்கிள் டயர் குறுகலாக, வளைவாக வேறு இருப்பதால் தண்ணீர் இரு பக்கமும் எளிதாக ஒதுங்கிவிடும். அதனால்தான் பெரிய குமிழ்கள் உள்ள பட்டன் டயர் தார்ச்சாலையில் மழைக்கு உதவாது, தரையில் படும் ரப்பரைக் குறைத்துப் பிடியைக் கெடுக்கவே செய்யும். மென்மையான ரப்பரில் செய்த, கொஞ்சம் அகலமான, கிட்டத்தட்ட வழவழப்பான டயர் போதும். பள்ளம் நிறைந்த பாதைக்கும் அந்த அகலம் உதவும். டயர் தாங்கும் வரம்புக்குள் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் பிடி இன்னும் கூடும்.

உண்மையில் வழுக்குபவை வேறு. சாலைக் குறியீடுகளின் பெயிண்ட், இரும்பு மூடிகள், பாலங்களின் இரும்பு இணைப்புகள், ட்ராம் தண்டவாளம், மட்கிய இலை, மரப்பலகை. நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் மழையின் தொடக்கமும் அப்படித்தான், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்து சோப்பு மாதிரி ஆகிவிடும். ஒரு மணி நேரம் நன்றாகப் பெய்து கழுவியபின் அதே சாலை பரவாயில்லை. இவற்றின் மேல் போகும்போது சைக்கிள் நேராக நிற்க வேண்டும்: சாய்க்கக் கூடாது, பிரேக் பிடிக்கக் கூடாது, ஓங்கி மிதிக்கவும் கூடாது. திருப்பத்தில் ஒரு இரும்பு மூடி இருக்கிறதென்று தெரிந்தால், அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து வேறு கோட்டில் திரும்புங்கள். தண்டவாளத்தை முடிந்தவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். தண்டவாளம் நம் திசையிலேயே ஓடும் தெருவென்றால், என் ஆலோசனை, மழை நாளில் அந்தத் தெருவே வேண்டாம்.

பிரேக்கில்தான் காசு செலவழிக்க வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில், ரிம் நனைந்திருந்தால் பிடித்தவுடன் ஒன்றும் நடக்காது. பிரேக் கட்டை முதலில் தண்ணீரை வழித்துத் தள்ள வேண்டும், சக்கரம் ஓரிரு சுற்று சுற்றியபின்தான் பிடி வரும். குரோம் பூசிய பழைய இரும்பு ரிம் என்றால் நிலைமை மிக மோசம். அப்படியான சைக்கிளில் மழை நாளில் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அலுமினிய ரிம்மும் நல்ல கட்டையும் குறைந்தபட்சம். டிஸ்க் பிரேக் இருந்தால் நிம்மதி, ரிம்மைப் போலச் சாலைத் தண்ணீரில் நனையாது, நனைந்தாலும் சட்டென்று காய்ந்துவிடும். ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்பே லேசாக அழுத்தி ரிம்மைத் துடைத்துக்கொள்ளப் பழக வேண்டும். சேறும் மணலும் கட்டையில் ஏறி ரிம்மைத் தேய்க்கும், மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை கட்டையைத் துடைத்து, தேய்மானம் பாருங்கள். முன்பிரேக்கைக் கண்டு பயந்து பின்பிரேக்கை மட்டும் பிடிப்பவர்கள் நிறைய. நிறுத்தும்போது எடை முன்சக்கரத்துக்குப் போய்விடும், லேசாகிவிட்ட பின்சக்கரம் ஈரத்தில் சட்டென்று சறுக்கும். இரண்டையும் சேர்த்து, மெதுவாக ஆரம்பித்து அழுத்தத்தைக் கூட்டுங்கள்.

மழை நாளில் பஞ்சரும் கூடும். கண்ணாடித் தூள் ஈர டயரில் ஒட்டிக்கொள்ளும், ரப்பரை வெட்டவும் தண்ணீர் வழி செய்துகொடுக்கும். கூடவே ஓரத்தில் அடித்து வந்த குப்பை. பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள டயர் வாங்குங்கள், ஒரு மாற்று ட்யூப் பையிலேயே இருக்கட்டும். கொட்டும் மழையில் பேட்ச் ஒட்ட முடியாது. மட்கார்டு இல்லாத சைக்கிளில் மழையில் போனால் வானத்திலிருந்து வருவதைவிடச் சாலையிலிருந்து வரும் தண்ணீர்தான் அதிகம் நனைக்கும். சக்கரத்தை நன்றாக மூடும் முழு மட்கார்டு, முன் மட்கார்டுக்குக் கீழே தொங்கும் ரப்பர் மடல், இந்த இரண்டும் ரெயின்கோட்டைவிட முக்கியம் என்பேன். காலணி நனைவது வெகுவாகக் குறைந்துவிடும். செயினை மழைக்குப்பின் துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள், இரண்டு நிமிட வேலை.

விளக்கு பகலிலும் எரியட்டும். கனமழையில் உங்களைப் பார்க்க வேண்டியவர் நீர் வழியும் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார் என்பதை மறக்காதீர்கள். பளிச்சென்ற மஞ்சள், பச்சைச் சட்டை பகல் வெளிச்சத்தில் நன்றாக உதவும். இருட்டியபின் அந்த நிறம் வேலை செய்யாது, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் பட்டைதான் தெரியும். அந்தப் பட்டையை முதுகில் போடுவதைவிடக் கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டுவது மேல். மேலும் கீழும் அசையும் இரண்டு புள்ளிகளைப் பார்த்தவுடன் 'அங்கே ஒரு மனிதர் மிதிக்கிறார்' என்று மூளை பிடித்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவில் ஜோன் வுட் குழுவினர் நடத்திய ஆய்வுகளும் இதைத்தான் காட்டின.

உடுப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழுக்கத் தண்ணீர் புகாத கோட்டு வியர்வையையும் வெளியே விடாது. மிதிக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் கால்வாசியோ அதற்கும் குறைவோதான் பெடலுக்குப் போகிறது, மற்றதெல்லாம் வெப்பம். உள்ளேயே நனைந்து போவீர்கள். அக்குளில் காற்றுத் திறப்பு உள்ள கோட்டு அல்லது தலைவழி மாட்டி ஹேண்டில்வரை விரியும் போஞ்சோ என்ற மழைப்போர்வை நல்லது. ஆனால் காற்றடிக்கும் நாளில் போஞ்சோ பாய்மரமாகிவிடும், அன்றைக்கு வேண்டாம். வெதுவெதுப்பான மழையென்றால் கோட்டே இல்லாமல் நனைந்துபோய், பையில் பிளாஸ்டிக் உறையில் வைத்த மாற்றுடுப்பை அலுவலகத்தில் போட்டுக்கொள்வதுதான் எளிது. ஒரு துண்டும் ஒரு ஜோடிச் செருப்பும் அங்கேயே கிடக்கட்டும். குளிர்மழையில் மட்டும் பருத்தி வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் குளிர வைக்கும். கையுறை அவசியம், விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது.

எதிர்காற்றைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு எதிரே 20 கி.மீ. காற்று வீசினால் தடை நான்கு மடங்கு. அதனால் அன்றைக்கு வேகத்தைப் பிடித்து வைக்க முயலாதீர்கள், கியரைக் குறைத்து நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பக்கக்காற்று அதைவிடத் தொல்லை. பெரிய லாரி கடக்கும்போது காற்று ஒரு கணம் மறைந்து, உடனே திரும்ப அறையும். அதற்கு ஓரமாக ஒட்டிக்கொண்டு போகாமல் இரு பக்கமும் இடம் வைத்திருக்க வேண்டும். மறுபடியும் பாதை அகலத்துக்கே வந்து நிற்கிறோம்.

எந்த நாளில் போகக் கூடாது? மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது வினாடி கூட இல்லையென்றால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கட்டடத்துக்குள் போங்கள், கடைசி இடியிலிருந்து அரை மணி நேரம் காத்திருங்கள். ரப்பர் டயர் காப்பாற்றும் என்பது தவறு, தனிமரத்தடி அதைவிடத் தவறு. சாலையில் தண்ணீர் ஓடுகிறது, அடி தெரியவில்லை என்றால் இறங்கி வேறு வழி பாருங்கள். அடியில் மூடியில்லாத சாக்கடைக் குழி இருக்கலாம். தண்ணீர் ஆழமில்லாதது போலத் தெரிந்தாலும் இதில் விதிவிலக்கே வேண்டாம். மெல்லிய பனிக்கட்டி படிந்த சாலையில் ஆணி பதித்த டயர் இல்லாமல் போகக் கூடாது. மின்சைக்கிள் வைத்திருப்பவர்கள் உறைநிலைக்குக் கீழே பேட்டரியை சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக்குள் கொண்டுவந்து சூடு ஏறியபின் போடுங்கள். இந்த மாதிரி நாட்களில் பஸ்ஸில் போவதால் நீங்கள் சைக்கிள்காரர் இல்லை என்று ஆகிவிடாது. மழைக்காலத்திலும் எல்லா நாளும், எல்லா மணியும் மழை பெய்வதில்லை. போகும் அரை மணியில் நனையாமல் போகும் நாட்களே அதிகம் என்பது உங்களுக்கே தெரிய வரும்.

மக்கள் சைக்கிளை விடுவதற்கு வானிலை காரணம் இல்லை என்பதற்குப் பின்லாந்தின் ஔலு நகரம் நல்ல சாட்சி. ஆர்க்டிக் வட்டத்துக்கு அருகே, மாதக்கணக்கில் பனி கிடக்கும் ஊர். குளிர்கால சைக்கிள் மாநாடு 2013இல் முதன்முதலாக நடந்ததும் அங்கேதான். அங்கே பனிக்காலத்திலும் மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் சைக்கிளில் போகிறார்கள், குழந்தைகள் உட்பட. சாலையிலிருந்து பிரிந்த பாதைகள், சுரங்க நடைபாதைகள், விடியும் முன்பே பனியை ஒதுக்கிவிடும் பராமரிப்பு, இவைதான் காரணம். கோபன்ஹேகனிலும் முக்கிய சைக்கிள் பாதைகளின் பனியை முதலிலேயே அகற்றுகிறார்கள்.

அதனால் உங்கள் பாதையைப் பற்றி நிர்வாகத்துக்கு எழுதுங்கள். 'பாதை மோசம்' என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய முடியாது. கேட்பதைத் துல்லியமாகக் கேளுங்கள். மழைநீர்க் கம்பி மூடிகளின் பிளவுகள் போக்குவரத்துத் திசையிலேயே இருந்தால் டயர் உள்ளே சிக்கும், அவற்றைக் குறுக்காகத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். திருப்பத்தில் உள்ள இரும்பு மூடிக்கு வழுக்காத மேற்பரப்பு, ஓரத்தைப் பெருக்க வாரம் ஒரு நாள், கார் ஏறாதபடி தடத்துக்கும் சாலைக்கும் நடுவே கம்பங்கள், இவையெல்லாம் பெரிய செலவில்லாதவை. பிரிட்டனில் 2007இல் தொடங்கிய ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் மாதிரி, தெருக் குறைகளைப் பதியும் இணையச் சேவையோ நிர்வாகத்தின் சொந்தச் செயலியோ உங்கள் இடத்தில் இருந்தால் அதில் பதியுங்கள், புகார் எண் கிடைக்கும். படத்தை மழை பெய்யும்போதே எடுங்கள். ஆய்வுக்கு வருபவர் வெயில் நாளில் வருவார், அப்போது அந்தக் குளம் வற்றி வெறும் சாலையாகத் தெரியும். தேதியும் நேரமும் இடமும் தெரிய, சைக்கிள் சக்கரத்தில் தண்ணீர் எந்த உயரம் வரை வருகிறது என்று தெரிகிற மாதிரி ஒரு படம் போதும். அடுத்த மழையிலும் அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுத்து, பழைய எண்ணைக் குறிப்பிட்டு அனுப்புங்கள்.